டிஸ்க் இல்லாத லேப் போடுகிறவர்களுக்கு ஓர் அண்ணாச்சியின் பதினைந்து சொல்

தூத்துக்குடியில் கம்ப்யூட்டர் வேலைக்கு வருகிறவன் வைரஸோடு மல்லுக்கட்டுவதற்கு முன்னால் உப்புக்காற்றோடு மல்லுக்கட்டப் பழக வேண்டும். முத்தையாபுரம், முள்ளக்காடு பக்கம் போனால் உப்பளக் காற்று. பீச் ரோட்டில் கடல் காற்று. துறைமுகச் சாலையில் லாரிகள் கிளப்பும் தூசியும் அதோடு சேர்ந்துகொள்ளும். கேபினெட்டைத் திறந்தால் ஸ்குருவில் துரு ஏறியிருக்கும், செம்பு தெரிகிற இடமெல்லாம் பச்சை பூத்திருக்கும். இப்படிப்பட்ட ஊரில் இருபது சிஸ்டத்துக்கு இருபது ஹார்ட் டிஸ்க், இருபது ஓஎஸ் என்று வைத்துக்கொண்டு ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து மாரடிப்பானேன்? டிஸ்க்கையே கழற்றிவிட்டு எல்லாவற்றையும் ஒரே சர்வரிலிருந்து நெட்வொர்க் வழியாக எழுப்பிவிடலாம். இந்த யோசனையோடு என்னிடம் வருகிற இளைஞர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். சந்தோஷம்தான்.

ஆனால் ஒன்றைப் புரிந்துகொண்டு இறங்குங்கள். இருபது இடத்தில் சிதறிக் கிடந்த தொல்லையை நீங்கள் ஓர் இடத்தில் குவிக்கிறீர்கள். மொத்தத் தொல்லை குறையும். மிச்சமிருப்பது அத்தனையும் அந்த ஓர் இடத்தில் நிற்கும். அந்த இடத்தைப் பேணுவதுதான் இந்தத் தொழில். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அதற்கான வழிகள்.

1. இடம் தோதானதா என்று பாருங்கள்

எல்லா இடத்துக்கும் இந்த முறை ஒத்துவராது. ஒரே மாதிரி வேலை, ஒரே அறை, பத்துக்கு மேல் சிஸ்டம் என்றால் கச்சிதமாகப் பொருந்தும். பள்ளி லேப், டைப்பிங் மற்றும் கணினிப் பயிற்சி மையம், நூலகம், ஷிப்பிங் அலுவலகத்தின் டேட்டா என்ட்ரி வரிசை எல்லாம் இந்த வகை. மூன்று சிஸ்டம் இருக்கிற கடைக்கு இது வீண் செலவு. வீடியோ எடிட்டிங், பெரிய கேட் (CAD) வரைபடம் எல்லாம் கண்டிப்பாக வேண்டாம். வைஃபையில் மட்டும் ஓடும் லேப்டாப்புகளுக்கும் இது சரிப்படாது.

கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. சுங்கத் தாக்கலுக்கு டிஜிட்டல் கையொப்ப டோக்கனை யுஎஸ்பியில் செருகி வேலை செய்வார்கள். அந்த டோக்கனின் டிரைவரும் தாக்கல் மென்பொருளும் பெரும்பாலும் விண்டோஸை நம்பியே இருக்கும். அந்த ஒரு சிஸ்டத்தை அதன் டிஸ்க்கோடும் விண்டோஸோடும் அப்படியே விட்டுவிடுங்கள். கப்பல் கிளம்புகிற நேரத்தில் ஷிப்பிங் பில் போகவில்லை என்றால் உங்கள் புதுமையை யாரும் பாராட்ட மாட்டார்கள்.

2. வேலை எங்கே நடக்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

டிஸ்க் இல்லாத சிஸ்டம் இரண்டு வகை. முதல் வகையில் எல்லாக் கணக்கும் சர்வரிலேயே நடக்கும். மேசையில் இருப்பது திரையும் கீபோர்டும் காட்டுகிற சின்னப் பெட்டி. இதைத் தின் கிளையண்ட் என்பார்கள். இரண்டாம் வகையில் ஓஎஸ் மட்டும் சர்வரிலிருந்து வரும். வந்தபின் மேசையில் இருக்கிற சிஸ்டத்தின் பிராசஸரும் ரேமும்தான் வேலை செய்யும்.

நம் ஊர்க்காரர்களுக்கு முதல் வகை புதிதில்லை. 2019 வாக்கில் தமிழக அரசு 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் அமைத்தது. உயர்நிலைப் பள்ளிக்கு 10 சிஸ்டம், மேல்நிலைப் பள்ளிக்கு 20 சிஸ்டம். அவற்றில் சர்வரும் தின் கிளையண்டுமாக இயங்கியவையும் உண்டு. அதற்கு முன்பே, சென்னை ஐஐடி பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா, ராஜேஷ் ஜெயின், ரே ஸ்டாட்டா ஆகியோர் தொடங்கிய நோவேஷியம் நிறுவனம், நூறு டாலர் அளவு விலையில் 'நோவா நெட்பிசி' என்ற டிஸ்க் இல்லாத பெட்டியை 2000-களின் பிற்பகுதியில் கொண்டுவந்தது. வீட்டுப் பெட்டி ஓரிடம், சர்வர் வேறிடம், நடுவில் பிராட்பேண்ட் இணைப்பு என்பது அதன் திட்டம். அது வீட்டுக்கு வீடு பரவவில்லை.

முதல் வகையில் இருபது பேர் ஒரே நேரத்தில் வீடியோ பார்த்தால் சர்வர் மூச்சுத் திணறும். இன்றைய பிரவுசர் ஒன்றே இரண்டு ஜிபி ரேமை விழுங்கிவிடுகிறது. பத்து வருடப் பழைய சிஸ்டத்தால்கூட அந்தச் சுமையைத் தானே தாங்க முடியும். எனவே புதிதாகத் தொடங்குகிறவர்கள் இரண்டாம் வகையைப் பிடியுங்கள். சிஸ்டத்துக்கு 4 ஜிபி ரேம் இருந்தால் நிம்மதி. சர்வரும் சிஸ்டங்களும் ஒரே கட்டடத்துக்குள் இருக்கட்டும்.

3. பூட் ஆகும் வரிசையை மனப்பாடம் செய்யுங்கள்

இது தெரிந்தால் பாதித் தொழில் கைவந்த மாதிரி. ஸ்விட்சைப் போட்டதும் நெட்வொர்க் கார்டில் இருக்கிற பிஎக்ஸ்இ நிரல் விழிக்கிறது. "நான் யார், எனக்கு முகவரி என்ன?" என்று நெட்வொர்க் முழுவதும் கேட்கிறது. டிஎச்சிபி சர்வர் பதில் சொல்கிறது: உன் முகவரி இது, உனக்கான கோப்பு இந்த இடத்தில் இருக்கிறது. அடுத்து டிஎஃப்டிபி வழியாக ஒரு சின்ன பூட் நிரல் வருகிறது. அது கெர்னலையும் இனிட்ராம் கோப்பையும் இறக்குகிறது. கெர்னல் எழுந்து என்எஃப்எஸ் வழியாக ஓஎஸ் இமேஜைப் பிடித்துக்கொள்கிறது. கடைசியில் லாகின் திரை.

நேற்று முளைத்த வித்தை இல்லை இது. டிஎஃப்டிபி விதிமுறை 1981-இலேயே வந்துவிட்டது. டிஸ்க் இல்லாத கணினி தன் முகவரியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பூட்பி 1985-இல் வந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் அந்தக் காலத்திலேயே டிஸ்க் இல்லாத ஒர்க்ஸ்டேஷன்களை விற்றது. அதற்காகவே என்எஃப்எஸ்ஸையும் நன்றாகப் பயன்படுத்தியது. இன்டெல் தன் பிஎக்ஸ்இ விதிமுறையின் 2.1 பதிப்பை 1999-இல் வெளியிட்டது. இன்று நீங்கள் வாங்கும் சாதாரண மதர்போர்டிலும் அதுதான் இருக்கிறது.

ஒரு சிஸ்டம் எழவில்லை என்றால் "ஓடல அண்ணாச்சி" என்று போன் போடாதீர்கள். எந்தப் படியில் நின்றது என்று பாருங்கள். முகவரியே வரவில்லை என்றால் கேபிள், சுவிட்ச், டிஎச்சிபி. முகவரி வந்து கோப்பு வரவில்லை என்றால் டிஎஃப்டிபி அல்லது கோப்பின் பெயர். கெர்னல் எழுந்து பாதியில் நின்றால் நெட்வொர்க் கார்டின் டிரைவர் அல்லது என்எஃப்எஸ். திரையில் நின்றுபோன கடைசி வரியைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதில் அந்த வரியில்தான் இருக்கும்.

4. பொருள் வாங்குமுன் பேப்பரில் கணக்குப் போடுங்கள்

ஒரு சிஸ்டம் எழுந்து லாகின் திரைக்கு வர 300 எம்பி இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இருபது சிஸ்டத்துக்கு 6,000 எம்பி. சர்வரிலிருந்து கிளம்பும் கேபிள் ஜிகாபிட் என்றால் நடைமுறையில் விநாடிக்கு 110 எம்பி அளவுக்குப் போகும். ஒரு நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். அதே இடத்தில் பழைய 100 எம்பிபிஎஸ் சுவிட்ச் இருந்தால் விநாடிக்கு 11 எம்பி. ஒன்பது நிமிடம் ஆகும். நாற்பது நிமிடப் பாடவேளையில் ஒன்பது நிமிடம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்காரும் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று வாத்தியார்களைக் கேட்டுப் பாருங்கள்.

அதனால் காசு குறைவாக இருந்தால் முதலில் நல்ல ஜிகாபிட் சுவிட்சும் நல்ல கேபிளும் வாங்குங்கள். மிச்சத்தில் சர்வருக்கு ரேம் வாங்குங்கள். புது சிஸ்டங்களைக் கடைசியில் யோசிக்கலாம். ஒரே இமேஜை இருபது பேரும் கேட்பதால் முதல் ஆளுக்காக டிஸ்க்கிலிருந்து படித்ததை சர்வர் தன் ரேமிலேயே வைத்துக்கொள்ளும். அடுத்த பத்தொன்பது பேருக்கும் ரேமிலிருந்தே போகும். 16 ஜிபி இருந்தால் இருபது சிஸ்டம் லேபுக்குத் தாராளம்.

5. கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம்

டிஸ்க் உள்ள சிஸ்டத்தில் கேபிள் கெட்டால் இணையம் போகும், அவ்வளவுதான். உங்கள் லேபில் கேபிள் கெட்டால் சிஸ்டமே செத்துவிடும். ஆகவே முழுச் செம்புக் கேட்-5இ அல்லது கேட்-6 மட்டும் வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிள் கடையில் கிடைக்கும். நம் ஊர்க் காற்றில் அது சீக்கிரம் பல்லிளிக்கும். வாங்கும்போது ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

100 எம்பிபிஎஸ்ஸுக்கு எட்டில் நான்கு கம்பி போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். 100-க்குத் தேவைப்படாத நான்கில் ஒரு கம்பி கிரிம்பிங்கில் சரியாகப் பதியாவிட்டால் பெரும்பாலும் இணைப்பு அறுந்துபோகாது, பேசாமல் 100-க்கு இறங்கிவிடும். லைட் எரியும், சிஸ்டமும் எழும், ஆனால் ஆமை வேகம். "இந்த ஒரு சிஸ்டம் மட்டும் ஸ்லோ" என்று யாராவது சொன்னால் முதலில் இணைப்பு வேகத்தைப் பாருங்கள்.

நிறவரிசையை இரண்டு முனையிலும் ஒன்றாக வையுங்கள்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. ஒரு கேபிள் ஓட்டம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஜன்னலோரம் கேபிளை இழுக்காதீர்கள். யாரும் செருகாத சுவிட்ச் துளைகளுக்கு ரப்பர் மூடி போட்டு வையுங்கள். உப்பு நுழைய அந்தத் துளை போதும்.

6. சுவிட்ச் ஏன் காக்கவைக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

அலுவலகங்கள் கழித்துப்போட்ட பெரிய மேனேஜ்டு சுவிட்சை மலிவாக வாங்கி வருவீர்கள். நல்லதுதான். ஆனால் அதில் ஸ்பேனிங் ட்ரீ என்று ஓர் ஏற்பாடு இருக்கும். ஒரு துளையில் சிஸ்டம் உயிர்பெற்றதும், வட்டச் சுற்று ஏதும் இருக்கிறதா என்று பழைய விதிப்படி 15 விநாடி கேட்கும், இன்னொரு 15 விநாடி கற்கும், அதற்குப் பிறகே வழிவிடும். பிஎக்ஸ்இ நிரலோ 4, 8, 16, 32 விநாடி என்று கேட்டுக்கேட்டு ஓய்ந்துவிடும். சில கார்டுகள் அதற்கும் முன்பே கைவிட்டுவிடும். காலையில் சில சிஸ்டம் எழும், சில எழாது, ரீஸ்டார்ட் செய்தால் எழும். பேய்பிடித்த மாதிரி இருக்கும். சிஸ்டங்கள் செருகிய துளைகளில் போர்ட்ஃபாஸ்ட் என்ற அமைப்பைப் போட்டால் பேய் ஓடிவிடும். சர்வர் செருகிய துளையிலும் போடுங்கள். சுவிட்சுக்கும் சுவிட்சுக்கும் நடுவில் மட்டும் போடாதீர்கள்.

7. ஒரு நெட்வொர்க்குக்கு ஒரே டிஎச்சிபி

பிராட்பேண்ட் மோடம் ஒவ்வொன்றும் தானே முகவரி கொடுக்கத் துடிக்கும். உங்கள் சர்வரும் கொடுக்கும். இருவரும் ஒரே கம்பியில் இருந்தால் சிஸ்டம் யாருடைய பதிலை முதலில் கேட்கிறதோ அவர் சொல்படி நடக்கும். மோடம் முந்திக்கொண்டால் முகவரி கிடைக்கும், பூட் கோப்பு கிடைக்காது.

வழி இரண்டு. சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டு போட்டு, ஒன்றை மோடத்துக்கும் ஒன்றை லேபுக்கும் பிரித்துவிடலாம். லேப் முழுவதும் உங்கள் கைக்குள் இருக்கும். நான் பரிந்துரைப்பது இதைத்தான். ஏற்கெனவே ஓடுகிற அலுவலக நெட்வொர்க்கில் கை வைக்க முடியாது என்றால் பிராக்ஸி டிஎச்சிபி முறை இருக்கிறது. முகவரியை மோடம் கொடுக்கட்டும். பூட் கோப்பின் விவரத்தை மட்டும் உங்கள் சர்வர் சொல்லும். டிஎன்எஸ்மாஸ்க் என்ற சின்ன மென்பொருள் டிஎச்சிபி, பிராக்ஸி, டிஎஃப்டிபி மூன்றையும் பார்த்துக்கொள்ளும். அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள்: சோதனை சர்வரை அடுத்தவர் நெட்வொர்க்கில் செருகிப் பார்க்காதீர்கள். ஓர் அலுவலகமே முகவரி இழந்து நிற்கும்.

8. பயாஸை ஒவ்வொரு சிஸ்டத்திலும் திறந்து பாருங்கள்

பழைய சிஸ்டம் பழைய பயாஸில் எழும், புதியது யுஇஎஃப்ஐயில் எழும். இரண்டுக்கும் பூட் கோப்பு வேறு வேறு. சிஸ்டம் கேட்கும்போதே தான் எந்த வகை என்று டிஎச்சிபிக்குச் சொல்லிவிடும். அதற்கேற்பக் கோப்பைக் கொடுக்க டிஎன்எஸ்மாஸ்க்கில் எழுதி வைக்க வேண்டும். புதிய சிஸ்டங்களில் செக்யூர் பூட் இருந்தால் கையொப்பம் இல்லாத பூட் நிரலை ஏற்காது.

பூட் நிரலாக ஐபிஎக்ஸ்இயைப் பயன்படுத்துங்கள். ஆதி விதிப்படி டிஎஃப்டிபி 512 பைட் அனுப்பிவிட்டு ஒப்புதல் வரும்வரை காத்திருக்கும். 60 எம்பி கோப்புக்கு இப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முறை நின்று நின்று போகும். ஐபிஎக்ஸ்இ எச்டிடிபி வழியாகவும் இறக்கும். சின்னக் கோப்பை டிஎஃப்டிபியிலும் பெரியதை எச்டிடிபியிலும் அனுப்பலாம்.

பழைய சிஸ்டத்தில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருந்தால் கரண்ட் போகும்போதெல்லாம் பூட் வரிசை மறந்துபோகும், தேதியும் பின்னால் போகும். தேதி தப்பாக இருந்தால் பிரவுசரில் பாதுகாப்பான தளங்கள் திறக்காது. சிஆர்2032 பேட்டரிகளை மொத்தமாக வாங்கி எல்லாவற்றுக்கும் மாற்றிவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.

9. சர்வர் நிற்கும் இடம்

தூத்துக்குடிக் கடலில் அரசு கடைசியாக முத்துக்குளிப்பு நடத்தியது 1961-இல். கல்லைப் பிடித்துக்கொண்டு முத்துச்சிப்பிப் பாருக்கு இறங்கியவரின் உயிர் தோணியில் கயிறு பிடித்து நின்றவரின் கையில் இருந்தது. கயிறு அசைந்ததும் அவர் இழுத்தாக வேண்டியிருந்தது. வேறு வேலை பார்க்கப் போக முடியாது. உங்கள் சர்வரும் அப்படித்தான். அதிலேயே கணக்கு எழுதுவது, படம் பார்ப்பது, பென் டிரைவ் செருகுவது எதற்கும் அனுமதி கொடுக்காதீர்கள். மானிட்டரும் கீபோர்டும் கழற்றியே இருக்கட்டும்.

எஸ்எஸ்டி இரண்டு வாங்கி ரெய்டு-1 முறையில் ஒன்றின் நகலாக மற்றொன்றை வையுங்கள். கடலைப் பார்த்த ஜன்னல் அருகே வைக்காதீர்கள். கதவு மூடிய சிறு அறை போதும். மாதம் ஒரு முறை ஃபேனைத் துடைத்துப் பாருங்கள்.

தரையில் வைக்கவே வைக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தூத்துக்குடி நகரில் தெருத்தெருவாகத் தண்ணீர் நின்றது. தரைத்தளத்து லேப் என்றாலும் சர்வரை மாடியில் வைக்க முடியுமா என்று பாருங்கள். கீழே சிஸ்டங்கள் நனைந்தாலும் போவது இரும்பும் பிளாஸ்டிக்கும்தான். பிள்ளைகளின் வேலை மேலே பத்திரமாக இருக்கும்.

10. கரண்ட்

1,050 மெகாவாட் திறனில் கட்டிய அனல் மின் நிலையம் ஊர் வாசலிலேயே இருக்கிறது. ஆனாலும் கரண்ட் போகும். டிஸ்க் இல்லாத லேபில் யுபிஎஸ் செலவு குறைவு. சர்வருக்கும் சுவிட்சுக்கும் யுபிஎஸ் கட்டாயம். சிஸ்டங்களுக்கு இல்லாவிட்டாலும் சேமிக்காத வேலை மட்டும்தான் போகும். சுவிட்சை மறந்துவிடாதீர்கள். சர்வர் உயிரோடு இருந்தும் சுவிட்ச் அணைந்தால் லேப் படுத்துவிடும். யுபிஎஸ் பேட்டரி இறங்கும்போது சர்வர் தானாக முறைப்படி அணையும்படி அமைத்துவிடுங்கள்.

கரண்ட் திரும்பியதும் இருபது சிஸ்டமும் ஒரே நொடியில் எழும்படி விடாமல் வரிசை வரிசையாகப் போடச் சொல்லுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து வருடம் ஒரு முறை அளந்து பாருங்கள். உப்பு மண்ணில் எர்த் கம்பி சீக்கிரம் அரித்துப்போகும்.

11. எந்த ஓஎஸ், எந்தக் கருவி

விண்டோஸையும் டிஸ்க் இல்லாமல் ஐஸ்கசி வழியாக எழுப்பலாம். ஆனால் உரிமக் கட்டணமும் சிக்கலும் அதிகம். முதல் லேபை லினக்ஸில் போடுங்கள். தமிழ்நாட்டில் அதற்கு முன்னோடி உண்டு. ஐஏஎஸ் அதிகாரி உமாசங்கர் தமிழக அரசின் எல்காட் நிறுவனத்துக்கு நிர்வாக இயக்குநராக இருந்த 2000-களின் நடுவில் அந்த நிறுவனம் லினக்ஸுக்கு மாறியது, பள்ளிகளுக்கும் கொண்டுபோனது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதே காலத்தது.

கருவி என்றால் எல்டிஎஸ்பி. 1999-இல் அமெரிக்காவில் ஜிம் மெக்குவில்லன் தொடங்கியது. அப்போது தின் கிளையண்ட் முறை. 2019-இல் கிரேக்கத்தைச் சேர்ந்த அல்கிஸ் ஜார்ஜோபூலஸ் முற்றிலும் புதிதாக எழுதினார். இப்போது இரண்டாம் சொல்லில் நான் பரிந்துரைத்த வகையில் இயங்குகிறது. இணையத்தில் தேடும்போது பழைய எல்டிஎஸ்பி-5 குறிப்புகள் நிறைய வரும். அவை புதியதற்குப் பொருந்தாது. எந்த ஆண்டில் எழுதியது என்று பார்த்துப் படியுங்கள். கூடவே எபோப்டீஸ் நிறுவுங்கள். வாத்தியார் தன் இடத்திலிருந்தே எல்லாத் திரையையும் பார்க்கலாம், மொத்தமாக அணைக்கலாம்.

12. இமேஜை மாற்றுவதில் நிதானம்

ஓர் இமேஜில் ஒரு தடவை நிறுவினால் இருபது சிஸ்டத்திலும் வந்துவிடும். இந்த முறையின் அழகே அதுதான். தமிழ் எழுத்துரு, 1999-இல் அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகை, பழைய வானவில், பாமினி எழுத்துரு ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றும் கருவி, பிரிண்டர் எல்லாவற்றையும் முதல் இமேஜிலேயே போட்டுவிடுங்கள். எந்த இடத்தில் உட்கார்ந்தாலும் தமிழில் அடிக்க முடியும் என்ற நிலையே பிள்ளைகளுக்குப் பெரிய வசதி.

தவறும் அதே வேகத்தில் பரவும். ஆகவே புது இமேஜைத் தேதியிட்ட பெயரில் செய்யுங்கள். பழையதை அழிக்காதீர்கள். எல்டிஎஸ்பியில் ஒரு சிஸ்டத்துக்கு மட்டும் தனி அமைப்பு எழுத முடியும். அந்த ஒன்றில் புது இமேஜை ஓடவிட்டு, பிரிண்ட் எடுத்து, ஒலி கேட்டு, தமிழ் அடித்துப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குக் கொடுங்கள். தேர்வு வாரத்தில் இமேஜைத் தொடவே கூடாது. "ஒரு சின்ன அப்டேட்தானே" என்று மனசு சொல்லும். கேட்காதீர்கள்.

13. போனால் வராதது கோப்பு

சிஸ்டம் போனால் வேறு வாங்கலாம். இமேஜ் போனால் மறுபடி செய்யலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளையின் ப்ராஜெக்ட் போனால் போனதுதான். ஒவ்வொருவருக்கும் தனி லாகின், சர்வரில் தனிக் கோப்புறை, அதற்கு ஓர் அளவு. அளவு வைக்காவிட்டால் ஒருவர் இறக்கி வைக்கும் சினிமா மொத்த லேபையும் நிறுத்திவிடும். சர்வர் டிஸ்க் நிரம்பினால் யாராலும் லாகின் செய்ய முடியாது. பிரவுசர் சேமித்துவைக்கும் குப்பையும் இதில் பெரும்பங்கு வகிக்கும்.

தன் கோப்புறைக்கு வெளியே வைத்ததெல்லாம் ரீஸ்டார்ட் செய்தால் மறைந்துபோகும் என்பதைச் சுவரில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். ரெய்டு-1 என்பது காப்பு நகல் ஆகாது. ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அழியும். இரவில் தானாக வேறொரு டிஸ்க்குக்கு நகல் போகட்டும். வாரம் ஒரு நகல் வேறு கட்டடத்துக்குப் போகட்டும். மாதம் ஒரு முறை நகலிலிருந்து ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். எடுத்துப் பார்க்காத நகலை நகல் என்று கணக்கில் வைக்காதீர்கள்.

14. வெளியாளும் வெளிஇணைப்பும்

டிஎஃப்டிபிக்குக் கடவுச்சொல் கிடையாது. இமேஜை என்எஃப்எஸ் வழியாகப் பொதுவில் கொடுக்கிறீர்கள். அந்தக் கம்பியில் லேப்டாப்பைச் செருகுகிற எவரும் இமேஜைப் படிக்கலாம். ஆகவே வைஃபை கடவுச்சொல், மின்னஞ்சல் கணக்கு, ரகசியச் சாவி எதையும் இமேஜுக்குள் வைக்காதீர்கள். லேப் நெட்வொர்க்கை அலுவலகக் கணக்கு நெட்வொர்க்கிலிருந்து பிரித்தே வையுங்கள். சுவிட்ச் பூட்டிய பெட்டிக்குள் இருக்கட்டும்.

இணையம் இல்லாத நாளையும் நினைத்துக்கொள்ளுங்கள். 2018 மே மாதம் தூத்துக்குடியில் போராட்டக்காரர்கள் மீது போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் அரசு சில நாள் இணையத்தை நிறுத்தி வைத்தது. புயல் மழையிலும் இணைப்பு அறும். எழுவதற்குத் தேவையான எல்லாம் உங்கள் கட்டடத்துக்குள் இருந்தால் லேப் அன்றும் எழும். கிவிக்ஸ் மென்பொருள் வழியாகத் தமிழ் விக்கிப்பீடியாவை சர்வரிலேயே இறக்கி வைத்தால் பிள்ளைகளுக்குப் படிக்கவும் ஏதாவது இருக்கும். சோதித்துப் பார்ப்பது சுலபம். மோடம் கேபிளைப் பிடுங்கிவிட்டு எல்லா சிஸ்டத்தையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

15. நோட்டும் அடுத்த ஆளும்

ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் எண் ஒட்டுங்கள். ஒரு நோட்டில் எண், மேக் முகவரி, சுவிட்ச் துளை, கேபிள் எண், ரேம் அளவு எழுதுங்கள். சர்வரில் எதை மாற்றினாலும் தேதியோடு எழுதுங்கள். அதைக் கம்ப்யூட்டரில் வைக்காமல் காகிதத்தில் வையுங்கள். தேவைப்படுகிற நாளில் கம்ப்யூட்டர் ஓடாது. உதிரியாக ஒரு சுவிட்ச், ஒரு பவர் சப்ளை, கிரிம்பிங் செய்த கேபிள் நான்கு அலமாரியில் இருக்கட்டும்.

கடவுச்சொல் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருப்பது பெருமை இல்லை. அங்கேயே வேலை பார்க்கிற ஒருவரை, லேப் அசிஸ்டென்டோ கணினி ஆசிரியரோ ஆர்வமுள்ள பதினொன்றாம் வகுப்புப் பெண்ணோ யாராக இருந்தாலும் சரி, பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் அவர் கையாலேயே செய்யச் சொல்லுங்கள். சர்வரை அணைத்து எழுப்புவது, பழைய இமேஜுக்குத் திரும்புவது, நகலிலிருந்து கோப்பை எடுப்பது, கேபிள் மாற்றுவது என்று இந்த நான்கும் அவருக்குத் தெரிந்தால் போதும்.

பிறகு ஒரு வாரம் அந்தப் பக்கமே போகாதீர்கள், போனையும் எடுக்காதீர்கள். ஒரு வாரம் கழித்துப் போகும்போது லேப் ஓடிக்கொண்டிருந்தால் பில்லைக் கொடுத்துக் காசை வாங்கிக்கொள்ளுங்கள். ஓடவில்லை என்றால் எந்தப் படியில் நின்றது என்று பாருங்கள், அந்த ஆளுக்கு எது தெரியாமல் போனது என்று கேளுங்கள், அதையும் சொல்லிக்கொடுத்துவிட்டு இன்னொரு வாரம் ஒதுங்கி இருங்கள்.